தலைப்பிரசவத்துக்கு மாப்பிள்ளையும் கூட வரட்டும்

தலைப்பிரசவம் என்றால் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போகணும் என்கிற வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. வளைகாப்பு முடிந்த கையோடு கோவில்பட்டிக்கு வந்தவள்தான் நானும். தையல் வலியில் எழுந்து உட்காரவே முடியாத நாட்களில் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் சுடச்சுட கைக்கு வந்ததற்கு எங்கம்மாவுக்குக் கோயிலே கட்டலாம். என் கேள்வி வேறு. பொண்ணும் பிள்ளையும் இங்கே இருக்க, அப்பன்காரன் மட்டும் ஏன் ஊரில் இருக்கிறான்? ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, தூளிக்குள் எட்டிப் பார்த்து, நாலு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு, கறிச்சோறு சாப்பிட்டுச் சாயங்கால பஸ்ஸைப் பிடிப்பதைத்தான் நம் ஊரில் அப்பா ஆவது என்கிறோம்.

இதன் பலன் மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது தெரியும். அழுகிற விதத்தை வைத்தே பசியா தூக்கமா என்று சொல்லும் அளவுக்கு அவள் தேறியிருப்பாள். அவருக்கோ பிள்ளையைத் தூக்கவே கை நடுங்கும். “எனக்குப் பழக்கமில்ல, நீயே பாரு” என்று அன்றைக்குச் சொல்வது அப்புறம் ஊசி போடப் போவதிலிருந்து பள்ளிக்கூட மீட்டிங் வரை தொடரும். பொம்பளைக்கு இதெல்லாம் பிறவியிலேயே வந்துவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! பிள்ளையை மார்பில் எப்படிப் பிடிக்க வைப்பது என்று எனக்கு ஒரு நர்ஸ் அக்காதான் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எல்லாம் செய்யச் செய்ய வருவதுதான்.

பச்சைப்பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும், ராத்திரி பகல் எல்லாம் அதற்குக் கிடையாது. அது சப்பிச் சப்பிக் குடித்து முடித்து, தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் வரவைத்து, அதற்குள் நனைத்துவிட்ட துணியை மாற்றி, ஆட்டித் தூங்க வைத்துவிட்டு நாம் தலையைச் சாய்த்தால் அடுத்த வேளைக்கு அழ ஆரம்பித்துவிடும். இதில் தாய்ப்பால் ஊட்டுவது ஒன்றுதான் என்னால் மட்டும் ஆகிற காரியம். மிச்சமெல்லாம் கை இருக்கிற யாரும் செய்யலாம்.

என் வீட்டுக்காரர் இருந்த லீவையெல்லாம் ஒன்றாகப் போட்டு, மீதி நாளுக்கு லேப்டாப்போடு எங்கள் வீட்டிலேயே தங்கினார். ஒருநாள் காலையில் கொல்லையில் உட்கார்ந்து, பழைய வேட்டியில் கிழித்த துணிகளை அவர் அலசிக்கொண்டிருக்க, எதிர்வீட்டு அத்தை பார்த்துவிட்டு, “என்ன மதினி, மாப்பிள்ளயப் போயி பீத்துணி அலச விட்டிருக்கீக?” என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை, ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினார். “எம்புள்ள துணிதான அத்த” என்று அவர் விடவே இல்லை.

உண்மையான முட்டுக்கட்டை இந்த மாப்பிள்ளை மரியாதைதான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைக்கிற அம்மா, மாப்பிள்ளைக்கு மூணு வேளை விருந்தும் சமைக்க வேண்டும் என்றால் அவர் வராமல் இருப்பதே புண்ணியம். ரெண்டு நாள் பார்த்துவிட்டு, “ரசமும் துவையலும் போதும் அத்த, காப்பி நான் போடுறேன்” என்று இவர் அடுப்படிக்குள் போன பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது. அப்பாதான் பாவம், சொந்த வீட்டிலேயே சட்டையைக் கழற்ற முடியாமல் புழுங்கிக்கொண்டிருந்தார்.

இன்னொரு லாபமும் உண்டு. முதல் சில நாளில் பிள்ளைக்கு எடை கொஞ்சம் இறங்கியதும் ஆளாளுக்கு, “பால் பத்தல, புட்டிப்பால் குடு, சர்க்கரத் தண்ணியாவது தொட்டு வை” என்று ஆரம்பித்துவிட்டார்கள். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை இறங்குவது சகஜம், ரெண்டு வாரத்துக்குள் ஏறிவிடும், அஞ்சாம் நாளுக்கு மேல் தினமும் 6 தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போனால் பால் போதும், ஆறு மாசம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். அதையே நான் சொன்னால் வாயாடி. அவர் சொன்னால் “மாப்பிள்ளையே சொல்லிட்டாக” என்று வீடே அடங்கும். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது, ஆனாலும் விடுவேனா? குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதை ஆச்சி நிறுத்தியதும் அந்த மரியாதையை வைத்துத்தான்.

லீவுதான் பெரிய தலைவலி. 2017 சட்டத் திருத்தத்தில் பெண்களுக்கு முதல் ரெண்டு பிள்ளைக்கும் 26 வாரம் என்று ஆக்கினார்கள். ஆண்களுக்கு, மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் கம்பெனிக்காரருக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை, முதலாளி மனசு வைத்தால் உண்டு. “நீ போய் என்னப்பா பண்ணப் போற?” என்று கேட்கிற மேனேஜர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். தினக்கூலிக்குப் போகிறவருக்கு இதெல்லாம் பேச்சுக்குக்கூட ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு ராத்திரிதான் வர முடியும் என்றால் அந்த ஒரு ராத்திரியாவது துணி மாற்றுவதும் தோளில் போடுவதும் அவர் வேலையாக இருக்கட்டும், அவளைத் தூங்க விடுங்கள்.

தங்கச்சிக்குத் தை மாசம் நாள் குறித்திருக்கிறது. தங்கச்சி மாப்பிள்ளையிடம் இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல்லிவிட்டேன். “மாமா ஒண்ணும் நினைக்க மாட்டாகல்ல?” என்றார். அப்பாவுக்கு ரெண்டு கை வைத்த பனியன் வாங்கியாச்சு.