ஜூம் பண்ணாதீர்கள், தள்ளி நின்று பாருங்கள்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான விண்வெளிச் சிப்பாய் மினியேச்சர்களுக்கு, அதாவது கட்டைவிரல் அளவுப் பொம்மைகளுக்கு, பெயின்ட் அடிக்கிற நம் ஆட்கள் படம் போடும்போதெல்லாம் கூடவே ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள்: “தயவுசெய்து ஜூம் பண்ணிப் பார்க்காதீங்க.” படம் என்னவோ அழகாகத்தான் இருக்கும். ஒரு படைப்பிரிவு முழுக்க ஒரே நிறக் கவசத்தில் வரிசையாக நிற்கும். காலடியில் மணல், துருப்பிடித்த இரும்பு, இடிந்த சுவர். ஆனாலும் அதைச் செய்தவர் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி தலைகுனிந்து நிற்பார். கீழே ஒருவர் உடனே வந்து, ஜூம் பண்ணியே பார்த்துவிட்டு, “தோள்பட்டை விளிம்புல கோடு கொஞ்சம் தடிச்சிருக்கு ப்ரோ” என்று சொல்லிவிட்டுப் போவார்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். போர் விளையாட்டு மினியேச்சர் என்பது மேசைமேல் வைத்து, ஒரு கை நீளத்துக்கு அப்பால் நின்று பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். அந்தத் தூரத்தில் வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். போன் கேமராவை அதன் மூக்குவரை கொண்டுபோய் எடுத்த படத்துக்கு மார்க் போடுகிற பழக்கம் புதிதாக வருபவர்களை விரட்டுகிறது. ஏற்கெனவே இருப்பவர்களின் படையையோ பாதியில் நிறுத்திவைக்கிறது.

சோம்பேறித்தனத்துக்குச் சப்பைக்கட்டு என்று நினைக்க வேண்டாம். மினியேச்சரின் அமைப்பே அப்படி. இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை 28 மி.மீ. அளவை ஒட்டியவை. அதாவது சராசரி மனித உருவம் பாதத்திலிருந்து கண் மட்டம் வரை ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். உண்மையான மனிதனை அந்த அளவுக்கு அப்படியே சுருக்கினால் துப்பாக்கிக் குழல் ஊசியாகிவிடும். கண்ணின் அகலம் அரை மில்லிமீட்டர் வந்தால் பெரிய விஷயம். வார்ப்பதும் கஷ்டம், கை பட்டால் ஒடிந்தும் போகும். அதனால் சிற்பிகள் தலை, கை, ஆயுதம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே பெரிதாக்கினார்கள். ஹீரோயிக் ஸ்கேல் என்று நாம் சொல்வது அதைத்தான். வார்ஹேமர் 40,000 என்ற எதிர்காலப் போர் விளையாட்டின் ஸ்பேஸ் மரீனை, அதாவது கனமான கவசம் போட்ட விண்வெளிச் சிப்பாயைப் பாருங்கள். தலையைவிடத் தோள்பட்டை பெரிது. மனித உடற்கூறுப்படி அவனால் கையைத் தூக்கவே முடியாது என்று பலர் கிண்டல் செய்திருக்கிறார்கள். ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் அந்தத் தோள்பட்டையின் நிறத்தையும் சின்னத்தையும் வைத்தே இது எந்தப் படை என்று சொல்லிவிடுவார். அதற்காகத்தான் அந்தச் சைஸ்.

பெயின்டிங்கும் அதே கணக்குத்தான். உருவத்தைச் சுருக்கலாம், வெளிச்சத்தைச் சுருக்க முடியாது. ஆறடி மனிதன் வெயிலில் நின்றால் தாடைக்குக் கீழே, அக்குளில், பெல்ட்டுக்கு அடியில் நல்ல நிழல் விழும். கட்டைவிரல் அளவு உருவத்தில் அந்த நிழல் இருந்தாலும் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தட்டாது. ஒரே நிறத்தைச் சுத்தமாக அடித்துவைத்தால் இரண்டடி தள்ளி அது வெறும் பிளாஸ்டிக் துண்டாகத் தெரிவது அதனால்தான். ஆகவே நிழலை நாமே வரைகிறோம். பிரைமர் என்கிற அடிப்பூச்சைக் கறுப்பில் அடித்து, மேலே இருந்து மட்டும் வெள்ளை ஸ்ப்ரே விடுகிறோம். பள்ளங்களில் வாஷ் என்கிற நீர்த்த கருநிறப் பெயின்டை ஓடவிடுகிறோம். கவசத்தின் விளிம்புகளில் வெளிர் நிறத்தில் கோடு இழுக்கிறோம். இதெல்லாம் மேடை நாடக ஒப்பனை மாதிரி. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புருவம் தெரிய வேண்டும் என்று தடிமனாக மை தீட்டுவார்கள். அந்த நடிகரின் முகத்துக்கு நேரே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு “மை அதிகம்” என்று சொல்வதில் என்ன நியாயம்?

ஹெல்மெட் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. மொத்தக் கண்ணாடியும் ஒரு கடுகைவிடச் சிறியது. முதலில் அடர்ந்த சிவப்பை அடித்து நிரப்ப வேண்டும். அது காய்ந்ததும் கீழ்ப்பாதியில் கொஞ்சம் பளிச்சென்ற சிவப்பு. அதற்கும் கீழே, மூலையில் மட்டும் ஆரஞ்சு ஒரு கீற்று. அப்புறம் நேர் எதிர்ப்பக்கம், மேலே இருண்டு கிடக்கும் மூலையில் வெள்ளையாக ஒரே ஒரு புள்ளி. பிரஷ் நுனியில் பெயின்ட் அதிகம் இருந்தால் கண்ணாடியே மூழ்கிவிடும். குறைவாக இருந்தால் மினியேச்சர்வரை போவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். பெருவிரல் நகத்தில் ஒருமுறை தொட்டு அளவு பார்த்துவிட்டு வைப்பேன். இதை ஜூம் பண்ணிப் பார்த்தால் மூன்று திட்டும் ஒரு சொட்டும்தான் தெரியும். எதுவும் எதோடும் கலந்திருக்காது. கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், உள்ளே விளக்கு எரிகிற கண்ணாடி அது. ஜூம் படத்துக்காக அதே கண்ணாடியில் ஏழெட்டு நிறங்களை ஒன்றோடொன்று இழைத்தால் படத்தில் அற்புதமாக இருக்கும். மேசையிலோ அந்த உழைப்பு கண்ணுக்கே தெரியாது. சில சமயம் முன்னதைவிட மங்கலாகக்கூடத் தெரியும்.

பழைய ஆட்கள் இதைச் சொல்லாமலே புரிந்துவைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட 1913-இலேயே விதிகள் எழுதி ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகமாகப் போட்டவர் ஹெச். ஜி. வெல்ஸ். (செவ்வாய்க் கிரகத்துக்காரர்களைப் பூமிக்கு வரவழைத்த அதே ஆள்தான். ஆனால் விளையாட்டு என்று வந்தபோது சாதாரணக் காலாட்படையும் குதிரைப்படையும் அவருக்குப் போதுமாக இருந்தது.) ஸ்பிரிங் பீரங்கியால் சுட்டு, தரையில் நிற்கும் சிப்பாய்களை உருட்டித் தள்ள வேண்டும். அங்கே யார் கண்ணிமையைப் பார்த்தார்கள்?

வார்ஹேமர் 40,000-இன் முதல் பதிப்பான ‘ரோக் ட்ரேடர்’ 1987-இல் வந்தது. அதையொட்டி வந்த பிளாஸ்டிக் ஸ்பேஸ் மரீன் பெட்டியில் ஒரே வாங்கலில் முப்பது பேர். வெட்டு, ஒட்டு, பெயின்ட் அடி, மேசையில் இறக்கு என்பதுதான் அந்தப் பெட்டி சொன்ன சேதி. வேடிக்கை என்னவென்றால், கோல்டன் டீமன் என்ற பெயின்டிங் போட்டியையும் அந்த விளையாட்டை வெளியிட்ட அதே கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் அதே 1987-இல்தான் தொடங்கியது. மேசைக்கு ஒரு வழி, கண்காட்சிப் பெட்டிக்கு ஒரு வழி என்று இரண்டும் ஒரே வருடத்தில் பிரிந்தன. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஒரே உருவத்தோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, உலோகப் பெயின்டே தொடாமல் சாம்பலும் நீலமும் வெள்ளையும் வைத்தே வாளைப் பளபளக்க வைப்பவர்கள் நிஜமான கலைஞர்கள். அந்தக் கலையின் அளவுகோலை எடுத்துவந்து, பத்துப் பேர் கொண்ட காலாட்படைப் பிரிவின் தலையில் வைப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

பெயின்டிங் மட்டுமில்லை, இப்போது சிற்ப வேலையையும் இந்த ஜூம் பிடித்துக்கொண்டது. முன்பு உலோக மினியேச்சர்களின் மூலச் சிற்பத்தை கிரீன் ஸ்டஃப் என்கிற எபாக்சிப் பிசினில் அதே சின்ன அளவிலேயே கையால் செய்வார்கள். பிளாஸ்டிக்குக்கு மூன்று மடங்கு பெரிதாகச் செய்து, பேண்டோகிராஃப் இயந்திரத்தால் அச்சுக்குச் சுருக்குவார்கள். அதே அளவில் செய்கிற சிற்பிக்கு எது கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது என்பது விரலிலேயே இருக்கும். இன்று உருவத்தைக் கணினித் திரையில் செய்கிறார்கள். சிப்பாய் அங்கே இரண்டடி உயரத்துக்கு விரிந்து நிற்பான். பெல்ட்டில் இத்தனை தையல், பையில் கொக்கி, கொக்கியில் திருகு, திருகில் கோடு என்று போட்டுக்கொண்டே போகலாம். வீட்டு ரெசின் பிரின்டரில் அச்சடித்து பிரைமர் ஒரு கோட் அடித்ததும் பாதி தையல் பெயின்டுக்கு அடியில் போய்விடும். மீதிப் பாதி வாஷைக் குடித்துக்கொண்டு அழுக்கு மாதிரி நிற்கும். நல்ல கோப்புகளும் நிறைய இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரின்ட் பண்ண ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது திரையில் அந்தப் படத்தைக் கட்டைவிரல் உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் அது யார், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் எடுங்கள். (பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. காயாத ரெசினை வெறும் கையால் தொடாதீர்கள். தோல் ஒருமுறை அலர்ஜியாகிவிட்டால் அப்புறம் அது விடாது. நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், இரண்டும் வேண்டும்.)

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். ஆர்க் என்கிற பச்சைத்தோல் வேற்றுக்கிரகவாசிக் கூட்டத்தைப் படையாகக் கட்டுகிறவருக்கு நூறு உருவம் சாதாரணமாகத் தாண்டும். ஒன்றுக்கு நான்கு மணி நேரம் என்றாலே 400 மணி நேரம். வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்க முடிகிற ஆளுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு வருடம். அதற்குள் விளையாட்டின் விதிகளே ஒருமுறை மாறிவிடலாம். வீடியோவில் ஒரே சிப்பாய்க்கு முழு நாளைச் செலவழிப்பவரைப் பார்த்துவிட்டு அதே தரத்தில் இறங்கும் புதியவர், மூன்றாவது ஆர்க்கோடு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுவார். பெட்டி பிரிக்காமல் குவிந்துகிடப்பதற்கு ஆசையைக் குறை சொல்கிறோம். பாதிக் காரணம் இந்த அளவுகோல்தான்.

அதனால் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் பெயின்ட் பிராண்டான சிட்டடெல் 2019-இல் கான்ட்ராஸ்ட் பெயின்ட் கொண்டுவந்தபோது “இது ஏமாற்று வேலை” என்று சில மூத்தவர்கள் முகம் சுளித்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளிர் அடிநிறத்தின் மேல் ஒரே கோட் அடித்தால் மேடுகளில் மெலிதாக நின்று, பள்ளங்களில் தேங்கி, நிறமும் நிழலும் சேர்ந்தே வந்துவிடும். துணி, தோல், ரோமம், வேற்றுக்கிரகவாசிகளின் சதை, இதற்கெல்லாம் பிரமாதம். தட்டையான டாங்கித் தகட்டில் மட்டும் நம்பி இறங்காதீர்கள். திட்டுத்திட்டாகத் தேங்கி, காய்ந்தபின் விளிம்பில் கறை வளையம் விட்டுவிடும். அங்கே ஸ்பாஞ்சில் பெயின்ட் தொட்டு ஒற்றி, அடிபட்ட இடங்களைக் காட்டுவது எளிது. விண்வெளிப் போரில் ஏன் டாங்கி இவ்வளவு துருப்பிடிக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

2020-இல் வந்த வார்ஹேமர் 40,000-இன் ஒன்பதாம் பதிப்பிலிருந்து, போட்டி ஆட்டங்களில் மொத்தம் 100 புள்ளியில் 10 புள்ளி பெயின்ட் அடித்த படைக்கு என்று வைத்தார்கள். இதில் எனக்கு இரண்டு மனது. மேசையில் ஆடும் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை பிரஷ் தீர்மானிப்பது பிடிக்கவில்லை. நேற்றுதான் பெட்டி வாங்கியவர் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கோடு ஆடட்டுமே, என்ன குறைந்துவிடும்? ஆனால் அந்த 10 புள்ளிக்கு அவர்கள் கேட்பது என்ன என்று பாருங்கள்: முக்கியமான பகுதிகளில் நிறம் இருக்க வேண்டும், உருவம் நிற்கும் அடித்தட்டு எளிமையாகவாவது முடிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். விற்கிற கம்பெனியே அவ்வளவு போதும் என்கிறபோது நாம்தான் ஒருவரையொருவர் பூதக்கண்ணாடியோடு துரத்துகிறோம்.

அறிவியல் புனைவுப் படைகளில் இந்தத் துரத்தல் இன்னும் அபத்தம். நெப்போலியன் காலத்துப் படை கட்டுகிறவருக்காவது எந்த ரெஜிமென்டுக்கு எந்தக் காலர் நிறம் என்று பார்க்க ஆவணம் இருக்கிறது, தப்பு என்று சொல்ல ஆளும் இருக்கிறது. நாற்பதாயிரம் வருடம் கழித்து வரப்போகும் சிப்பாயின் முழங்கால் கவசம் எந்த நிறம் என்று யார் பார்த்தது? கதைப் புத்தகத்தில் ஸ்பேஸ் மரீன் படைகளான அல்ட்ராமரீன்கள் நீலம், பிளட் ஏஞ்சல்ஸ் சிவப்பு. சரி, பிடித்தவர்கள் அப்படியே அடிக்கட்டும். ஊதாவும் மஞ்சளும் சேர்த்துச் சொந்தமாக ஒரு படை உருவாக்கினாலும் கேட்க யாருமில்லை. ஆரம்ப காலத்தில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் ‘ஒயிட் ட்வார்ஃப்’ இதழில் டியோடரண்ட் டப்பாவைக் கொண்டே மிதக்கும் போர் வண்டி செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தைரியத்தில் வளர்ந்த பொழுதுபோக்கு இது.

படம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எடுக்கிற விதத்தை மாற்றலாம். ஒற்றை ஆளைத் தனியாக நிறுத்தாமல் பிரிவு முழுவதையும் அவர்களுக்கான இடிபாடுகளுக்கு நடுவே வையுங்கள். மேலேயிருந்து சற்றுப் பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. கேமராவைப் பின்னால் இழுத்து, விளையாடும்போது உங்கள் கண் எங்கே இருக்குமோ அங்கே வைத்து எடுங்கள். நீங்கள் செய்த வேலை அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் முகங்கள். “கண் வரைய வரலை, ஒரு கண் மேலே ஒரு கண் கீழே போகுது” என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தலைவன் ஒருவனுக்கு மட்டும் வெறும் தலையை ஒட்டி, உங்கள் திறமையெல்லாம் அவன் முகத்தில் காட்டுங்கள். மற்ற எல்லோருக்கும் ஹெல்மெட் மாட்டிவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் தேவைக்கு மேலேயே ஹெல்மெட் மிஞ்சும். போதாததற்கு அவன் நிற்பது காற்றே இல்லாத கிரகம், ஹெல்மெட் இல்லாமல் நிற்பதுதான் தப்பு.