ஸ்கேன் செய்ததும் பதிப்பாகிவிடாது

"உ.வே.சா. 1894லேயே புறநானூறு போட்டுவிட்டார், ஓலைகளையும் ஸ்கேன் எடுத்தாயிற்று; செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 41 நூல்களுக்குச் செம்பதிப்பு என்று பணம் செலவழிப்பது வீண்" என்று சிலர் சொல்வது தவறு.

ஸ்கேன் வெறும் படம். பழைய ஓலையில் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். 'கெர' என்று தெரிவதை கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறு விதமாகப் படிக்கலாம். எது சரி என்பதை யாப்பும் பொருளும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் வரிக்கு வரி.

செம்பதிப்பு என்றால் கிடைக்கும் சுவடி, காகிதப்படி, முந்தைய அச்சு, பழைய உரைகளில் வரும் மேற்கோள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, ஏற்ற பாடத்தை, அதாவது சரியெனத் தோன்றும் சொல் வடிவத்தை, மேலே வைத்து, விட்ட பாடங்களை எந்தச் சுவடி என்ற குறியோடு அடியில் தருவது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்கும் வேலை இது. ஆகவே செலவில் பெரும்பகுதி ஆட்களின் நேரத்துக்கே; அச்சுக்கூலி சிறிது. குறுகிய ஒப்பந்தத்தில் ஆளை எடுத்தால், சுவடி எழுத்து கண்ணுக்குப் பழகும்போதே காலம் முடிந்துவிடும். பிறகு பழைய அச்சையே தட்டச்சு செய்து ஒப்பேற்றுவார்கள்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: வெளிவந்த நூலில் சுவடிப் பட்டியலும் பாடவேறுபாடும் இருக்கிறதா?