ஐஸ்கிரீம் நாவல்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. லீவில் என்ன படித்தாய் என்று கேட்டார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை உண்மையைச் சொன்னாள். கடற்கரை வீடு, கோடை விடுமுறை, அண்ணன் தம்பி இருவர், நடுவில் ஒரு பெண் என்று போகும் அமெரிக்க இளையோர் காதல் நாவல். "ஐஸ்கிரீம் உருகறதுக்குள்ள முடிஞ்சிடுமேம்மா அது" என்றார் மேடையில் இருந்த பெரியவர். அரங்கமே சிரித்தது. ஏதாவது கனமான பெயரைப் பொய்யாகச் சொல்லியிருந்தால் கைதட்டல் விழுந்திருக்கும்.

அவர் அந்த வகையில் ஒன்றையாவது முழுசாகப் படித்திருக்கிறாரா என்று நான் கேட்கப்போவதில்லை. விடை தெரிந்த கேள்வி. எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: லேசாக இருப்பது வேறு, லேசுப்பட்டது வேறு.

அமெரிக்காவில் கோடை சீசன் மே கடைசித் திங்கள் மெமோரியல் டேயில் களைகட்டும், செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டேயோடு கடையைக் கட்டும். இந்த நாவல்களுக்குக் கடிகாரம் அதுதான். ஊருக்குத் திரும்பும் நாள் முதல் அத்தியாயத்திலேயே வாசகிக்குத் தெரியும். ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கை பெரும்பாலும் கதையின் நடுவில் வந்து விழும், முதல் முத்தமோ முதல் சண்டையோ அங்கேதான். ஆகஸ்ட் பிறந்தால் பக்கத்துக்குப் பக்கம் வயிற்றைப் பிசையும். நாயகிக்கு ஏன் பதினாறு வயசு? அங்கே பல மாநிலங்களில் அந்த வயசில் லைசென்ஸ் கிடைக்கும், அப்பா துணை இல்லாமல் வெளியே போகலாம். ஏன் ஐஸ்கிரீம் கடையிலோ நீச்சல் குளத்திலோ வேலை? ஒரே பையனைத் தினமும் பார்க்க ஒரு காரணம் வேண்டும். தற்செயலாகச் சந்தித்தார்கள் என்றால் வாசகி ஒருமுறை நம்புவாள், ஏழாவது முறை சிரித்துவிடுவாள். அம்மா அப்பாவையும் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும், விவாகரத்தோ வேலையோ நோயோ. அடியோடு தள்ளிவிட்டால் தடையே இல்லாமல் கதை காற்றுப்போன பலூன்.

கெட்டுப்போவது பெரும்பாலும் முக்கால்வாசியில். அங்கே ஒரு பிரிவு வந்தாக வேண்டும். ஒரே போனில் தீர்ந்துபோகிற தப்பெண்ணத்தை வைத்து எழுபது பக்கம் இழுத்தால் புத்தகம் மூடப்படும். இரண்டு பையன்களில் ஒருவன் தங்கம், இன்னொருவன் தறுதலை என்றால் அது முக்கோணமே இல்லை, விடையோடு வந்த கேள்வித்தாள். தோழி என்பவள் நாயகி புலம்புவதைக் கேட்க மட்டும் வருகிறாளா, அதுவும் போச்சு. இத்தனையையும் ஏறக்குறைய 300 பக்கத்துக்குள், பெரியவர் குரல் எங்கும் எட்டிப்பார்க்காமல், பதினாறு வயசுப் பெண்ணின் வாயால் சொல்ல வேண்டும். எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள் அந்த ஐயாவை. லேசுதானே?

இது நேற்று முளைத்ததும் இல்லை. மாரீன் டேலியின் 'செவன்டீன்த் சம்மர்' 1942ல் வந்தது. விஸ்கான்சினில் ஓர் ஏரிக்கரை ஊர், பேக்கரிக்காரர் மகன் ஜாக், பள்ளி முடித்த ஆஞ்சி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு காதல். கல்யாணத்தில் முடியும் என்று நினைப்பீர்கள். அவள் சிகாகோவுக்குப் படிக்க ரயிலேறிவிடுகிறாள். காதல் கதை படித்தால் பெண்பிள்ளை கெட்டுவிடும் என்பவர்கள் அந்த ரயிலை ஒருமுறை பார்க்கலாம்.

அந்தப் பிள்ளை சொன்ன புத்தகம் ஜென்னி ஹானுடையது, 2009ல் வந்த 'தி சம்மர் ஐ டர்ன்டு ப்ரெட்டி'. அந்தக் கடற்கரை வீட்டில்தான் பையன்களின் அம்மா சுசன்னா புற்றுநோயோடு இருக்கிறாள். இரண்டாம் பாகம் அவள் செத்த பிறகு நடப்பது. துக்கத்தில் இருக்கிற பையனைக் காதலிப்பது எப்படி, அவன் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே நிற்பவள் என்ன செய்வாள் என்பதைத்தான் அந்தப் பிள்ளை லீவு முழுக்கப் படித்திருக்கிறாள். இதெல்லாம் ஐஸ்கிரீமில் எந்த ஃபிளேவர் ஐயா?

"வயசுக்கு மீறின சமாச்சாரம் இருக்குமே" என்று வருவீர்கள். நியாயமான கவலை, மறுக்கவில்லை. பெரியவர்களுக்கான காதல் நாவல்களும் இப்போது அதே இளஞ்சிவப்பு, அதே கார்ட்டூன் அட்டையில் வருகின்றன, விற்கிறவரே மாற்றி அடுக்கிவிடுகிறார். அட்டையை நம்பாதீர்கள். பின்னட்டையில் நாயகியின் வயதைப் பாருங்கள். 15, 16, 17 என்றால் பெரும்பாலும் இளையோர் நாவல். முப்பதை நெருங்குகிறவள், வேலை போய்விட்டது, பழைய காதலன் திரும்பி வருகிறான் என்றால் அது உங்களுக்கு, பிள்ளைக்கு இல்லை. 12 வயதுக்கு மேல் என்று சில பதிப்பகங்கள் அச்சிட்டே தருகின்றன. இரண்டு நிமிட வேலை. பிடுங்கி ஒளித்துவைப்பது அதைவிடச் சுலபம் என்பதால் அதைச் செய்கிறோம்.

எல்லாம் பணக்கார வீட்டுக் கதை, வெகுகாலம் வெள்ளைக்காரப் பெண்களின் கதை. ஆமாம். மேலே போவோம்.

"தமிழில் நல்ல இலக்கியம் இல்லையா?" இதற்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தமிழில் படித்தபோது விட்டுவைத்தோமா? லெண்டிங் லைப்ரரியில் ரமணிசந்திரனை எடுத்துவந்து, சாயங்கால டிபனுக்கு முன்னால் இருபது பக்கம் படித்த அம்மாக்களை என்ன சொன்னோம்? அடுப்பில் பால் பொங்கியது நாவலால் என்றோம். அதே வீட்டில் மாமா பஸ்ஸில் படிக்க வாங்கிய கொலைக்கதை பாக்கெட் நாவலுக்குப் பெயர் பொழுதுபோக்கு. அவர் பத்துப் பிணம் பார்த்துவிட்டு வரலாம், கேள்வி கிடையாது. இவள் ஒரு முத்தம் படித்தால் மேடை போட்டுச் சிரிப்போம். மொழி, தரம், இலக்கியம் எல்லாம் சும்மா. பிள்ளை தனக்குப் பிடித்ததைத் தானே எடுத்துப் படித்தாள் பாருங்கள், அதுதான் உறுத்துகிறது.

நான் அதிகம் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்ததும் அதே வீடியோவில் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அவளிடம் மூன்றாம் பாகம் இல்லையாம், அமைப்பாளர் சொன்னார். யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். கடைசியில் நாயகி யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள். 2025ல் இந்தக் கதையை வைத்து எடுத்த வெப் சீரிஸ் முடிந்ததிலிருந்து அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருக்கிறது.