ரவிக்கை அளவும் பிள்ளையின் உடம்பும்

அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். இரண்டு மாதமாக அவள் இரவில் சாப்பிடுவதில்லை. அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கை இறுகிவிடுமாம். வீட்டில் யாரும் கண்டிக்கவில்லை. இதே பெண் அடுத்த ஆடிக்குள் உண்டாகிவிட்டால், மாதுளை, பேரீச்சை, குங்குமப்பூ என்று வீடே அவள் தட்டைச் சுற்றி நிற்கும். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நாள் தள்ளிப்போய், இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து, சோதித்து உறுதி செய்யும்போது கருவுக்கு ஏறத்தாழ 28 நாள் ஆகியிருக்கும். மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய் அதற்குள் மூடி முடிந்திருக்கும். அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் வேண்டும். தினமும் 400 மைக்ரோகிராம், அதுவும் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே, என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். ஐந்தாம் மாதத்தில் ஊட்டுகிற கீரை அந்த வேலைக்கு உதவாது.

முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தை நான் மதிக்கிறேன். ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்குக் கிடைக்கும் உதவி ஏழைத் தாய்மாருக்குப் பெரிய ஆதரவு. ஆனால் அது கர்ப்பத்தைப் பதிவு செய்த பிறகுதான் தொடங்குகிறது. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். படிப்பு முடிந்து கல்யாணம் ஆகும்வரை உள்ள ஆண்டுகளில்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடந்தது. கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டியைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே பெண்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களிடம் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் கணிசமாகக் குறைந்தது. அந்த நோய் தாயோடு நிற்பதில்லை. பிள்ளை வளர்ந்த பிறகு பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. கீரையும் பாலும் நம் வீட்டில் இல்லாத பொருளா?

மாப்பிள்ளையிடம் யாருமே எதையும் கேட்பதில்லை. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. தையில் தாலி கட்டப்போகிறவனுக்கு இந்த ஐப்பசியிலேயே அது தொடங்கிவிடுகிறது. அவன் பிடிக்கும் சிகரெட் அதன் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. கரு தங்காவிட்டால் மட்டும் பழி பெண் தலையில்.

நேற்று அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "கல்யாணத்துக்கு முன்பே பிள்ளைப் பேச்சா?" என்று கூசினாள். மாப்பிள்ளையிடம் நானே பேசப்போகிறேன். ரவிக்கையை ஓரங்குலம் தளர்த்தித் தரும்படி தையல்காரரிடம் சொல்லிவிட்டேன்.