முதலில் ஆள் சேருங்கள், வீடு அப்புறம்

காட்டில் பிழைத்து வாழும் கணினி விளையாட்டான சோல்மாஸ்க்கைப் புதிதாக ஆரம்பித்த நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டை எங்கே கட்டலாம்?" என்பதுதான். தண்ணீர் பக்கத்தில், கொஞ்சம் சமதளமாக, எங்கே வேண்டுமானாலும் கட்டுங்கள். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு மதிப்பில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: யாரை வைத்துக் கட்டப் போகிறீர்கள்?

2024 மே 31 அன்று ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஏர்லி ஆக்சஸாக, அதாவது முழுதாக முடியும் முன்பே ஆடக் கிடைக்கும் பதிப்பாக, வந்த விளையாட்டு இது. ஆரம்பம் இந்த வகையில் எல்லாவற்றிலும் இருப்பதுதான். வெறுங்கையோடு காட்டில் நிற்பீர்கள். கல், குச்சி, நார் பொறுக்கி ஒரு கற்கோடரி செய்வீர்கள். அப்புறம் எலும்பு, தோல், சூளை, செம்பு, அதோடு வெள்ளீயம் சேர்த்து வெண்கலம் என்று ஏணி மேலே போகும். ஆர்க், ரஸ்ட் போன்ற இதே வகை விளையாட்டுகளை ஆடிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. சிக்கலே அங்கேதான். அந்தப் பழக்கத்தில் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள். கொஞ்ச நாளில் "செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கிற வேலையாக இருக்கிறது" என்று அலுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.

இந்த விளையாட்டு ஒரே பாத்திரம் எல்லா வேலையையும் செய்வதற்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு திறனிலும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஒருவர் வில்லில் எவ்வளவு உயரம் போவார், மரம் வெட்டுவதில் எவ்வளவு, சமையலில் எவ்வளவு என்பது பிறவியிலேயே எழுதி வைத்த மாதிரி. நீங்கள் தொடங்கும் பாத்திரத்தின் வரம்புகள் ஒன்றும் பிரமாதமில்லை. எவ்வளவு பாடுபட்டாலும் அந்தக் கூரையைத் தாண்ட முடியாது. ஆனால் உங்கள் முகத்தில் இருக்கும் முகமூடியால், நீங்கள் பிடித்து உங்கள் குலத்தில் சேர்த்த எவருக்குள்ளும் புகுந்து ஆட முடியும். சண்டைக்கு ஒரு உடம்பு, சுரங்கத்துக்கு இன்னொன்று. கோனன் எக்ஸைல்ஸ் என்ற விளையாட்டிலும் ஆட்களைத் தடியால் அடித்து மயக்கி, கட்டி இழுத்து வந்து, சக்கரத்தில் பூட்டி வேலைக்கு வைக்கலாம். ஆனால் அங்கே அவர்கள் கடைசி வரை பணியாட்கள்தான். இங்கே அவரே நீங்களாகிவிடலாம். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கு இந்த ஒன்றே போதும். (அடித்து மயக்கி ஆள் சேர்ப்பது உறுத்தாதா என்றால், உறுத்தும். இந்த வகை விளையாட்டுகள் அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.)

சரி, எப்படிப் பிடிப்பது? எதிரிகளின் முகாமுக்குள் நேராக ஓடாதீர்கள், நான்கு பேர் சூழ்ந்தால் கதை முடிந்தது. தள்ளி நின்று புதருக்குள்ளிருந்து ஒரே ஒரு அம்பு விடுங்கள். அடிபட்டவர் உங்களைத் தேடி வருவார். இன்னும் பின்வாங்கி, மற்றவர்கள் கண்ணுக்கு எட்டாத இடம் வரை அவரை இழுங்கள். ஸ்டாமினாவை (உடல் தெம்பை) முழுதாகச் செலவழிக்காமல், அவர் ஓங்கும்போது விலகி, ஓங்கி முடித்ததும் ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு. உயிர்க்கோடு பாதிக்குக் கீழே வந்ததும் நல்ல ஆயுதத்தை உள்ளே வைத்துவிட்டு, இருப்பதிலேயே மொக்கையான ஆயுதத்தை எடுங்கள். பலமான ஆயுதம் என்றால் மயங்கி விழ வேண்டியவர் செத்தே போவார்.

விழுந்தவுடன் குலத்தில் சேர்த்துவிடாதீர்கள். அவருடைய விவரப் பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். திறன் வரம்புகள் என்ன, பிறவிக் குணங்கள் என்ன என்று பாருங்கள். ஈட்டியில் வரம்பு நன்றாக இருந்து, கூடவே சண்டையைக் கெடுக்கும் ஒரு குணமும் ஒட்டிக்கொண்டிருக்கும். விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு எல்லை உண்டு, வந்தவர்களையெல்லாம் சேர்த்தால் நல்லவர் கிடைக்கும் நாளில் இடம் இருக்காது. ஆனால் முதல் ஆள் விஷயத்தில் மட்டும் இவ்வளவு கறார் வேண்டாம். மரம் வெட்டத் தெரிந்த சுமாரான ஒருவர் கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வந்த பிறகு விளையாட்டின் வேகமே மாறும்.

சேர்ந்துவிட்டார், அடுத்தது வேலை. புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். ஆளைப் பட்டறைக்கு நியமித்துவிட்டு, அவர் சும்மா நிற்கிறார் என்று புலம்புகிறார்கள். பெட்டியில் மூலப்பொருள் இருக்கிறதா? அவர் கைக்குக் கோடரி வைத்தீர்களா? பழைய கோடரி தேய்ந்து உடைந்துவிட்டதா? சாப்பாடு இருக்கிறதா? பத்தில் ஒன்பது முறை பதில் இந்த நான்குக்குள் இருக்கும். அப்புறம், "இவ்வளவு கயிறு செய்" என்று ஒரு தடவைக் கட்டளை போடுவதைவிட, இருப்பில் இத்தனை கயிறு எப்போதும் இருக்கட்டும் என்று எண்ணிக்கை வைத்துவிடுங்கள். குறைந்தால் அவரே செய்வார், நிறைந்தால் நிறுத்திக்கொள்வார். நீங்கள் வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கயிறு, பலகை எல்லாம் தயாராக இருக்கும்.

வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: பெருந்தீயின் (உங்கள் குடியிருப்பில் நீங்கள் மூட்டி வைக்கும் பெரிய தீயின்) எல்லைக்குள் கட்டுங்கள். வெளியே கட்டினால் சிதைந்து போகும். அந்தத் தீக்கும் விறகு தீரக்கூடாது. மற்றபடி ஓலைக் கூரையே ஆரம்பத்துக்குத் தாராளம். கல்வீடு கட்ட ஆசைப்பட்டு, செம்பே எடுக்காத நிலையில் பாறை உடைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. உயர்ந்த மலைப்பக்கம் போக அவசரம் வேண்டாம், குளிருக்கு ஏற்ற உடை இல்லாமல் போனால் எதிரியே தேவையில்லை.

தனியாக ஆடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. விளையாட்டின் அமைப்புகளில் (செட்டிங்ஸில்) சேகரிப்பு அளவு, அனுபவப் புள்ளி வேகம் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். "அது ஏமாற்று வேலை" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பலர் சேர்ந்து ஆடும் சர்வரின் கணக்கில் ஒருவரே மரம் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் எந்த வீரமும் எனக்குத் தெரியவில்லை. சேகரிப்பைத் தாராளமாக இரண்டு மடங்காக்குங்கள். எதிரிகளின் பலத்தை மட்டும் குறைக்காதீர்கள். குறைத்தால் அவர்கள் மயங்குவதற்கு முன்பே செத்து விழுவார்கள், சேர்க்க ஆள் கிடைக்காது.