ஆமைக்குஞ்சை பேசினில் போடாதீர்கள்

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடலோர உயிர்களைப் பற்றிக் கற்றுக்கொள்ள வந்த குழு. வெயில் ஏறிவிட்டது. நீல பேசினில் தண்ணீர், அதற்குள் பங்குனி ஆமை என்ற கடலாமையின் குஞ்சுகள். ஆளுக்கொன்றாகக் கையில் வாங்கி, படம் எடுத்து, அலையில் விடுகிறார்கள். பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது.

குஞ்சை மணலில் விடுங்கள். அதுவே நடந்து போகட்டும்.

முட்டையை விட்டு வரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சமிருக்கும். கரையோரத்தில் குஞ்சைத் தின்னும் மீனும் பறவையும் அதிகம். அதனால் ஆழத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க விடாமல் நீந்தும். அந்த ஓட்டத்துக்குக் கையிருப்பு அந்த மிச்சம்தான். பேசின் தண்ணீர் பட்டதுமே துடுப்பை அடிக்க ஆரம்பித்துவிடும். வீடியோவில் பிளாஸ்டிக் சுவரில் முட்டி முட்டி அடித்துக்கொண்டிருந்ததே, கீழே "எவ்வளவு சுறுசுறுப்பு" என்று எழுதியிருந்தார்கள். கையிருப்பு அங்கேயே தீர்ந்துகொண்டிருந்தது.

சரியான முறை கஷ்டமே இல்லை. முட்டைகளைப் புதைத்துக் காக்கும் பொரிப்பகத்தில் குஞ்சுகள் பெரும்பாலும் மணல் குளிர்ந்த பிறகு, இரவில்தான் மேலே வரும். வந்தவுடன் எண்ணி, தண்ணீர் இல்லாத கூடையில் எடுத்து, அதே இரவில் விட வேண்டும். அலை தொடும் இடத்திலிருந்து சில மீட்டர் மேலே விட்டால் போதும். மணலில் ஊர்ந்து, அலையை எதிர்த்து நீந்தும்போதுதான் அதற்குத் திசை பிடிபடுகிறது. டார்ச், செல்போன் வெளிச்சம் எதுவும் கூடாது, ஃபிளாஷ் கூடவே கூடாது. வெளிச்சம் எந்தப் பக்கமோ குஞ்சு அந்தப் பக்கம் போகும். தினமும் ஒரே இடத்தில் விடவும் கூடாது, மீன்கள் அங்கே காத்திருக்கப் பழகிவிடும்.

"குழந்தைகள் தொட்டால்தானே ஆசை வரும்?" என்கிறார்கள். பொரித்து முடிந்த குழியை, வனத்துறை அனுமதியோடு, குழந்தைகள் முன் தோண்டிக் காட்டுங்கள். சுமார் ஒன்றரை அடி ஆழம், நூறு முட்டை அளவில் இருக்கும். வெறும் ஓடு எத்தனை, பொரிக்காதது எத்தனை, பாதி வளர்ந்து நின்றது எத்தனை என்று அவர்களே பிரித்து எண்ணட்டும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம், குறைந்தால் ஆண் அதிகம் என்பதையும் அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லலாம்.

"மணலில் விட்டால் நாய் கடித்துவிடும்." நாயை விரட்ட அத்தனை பேர் நிற்கிறீர்களே! "இரவில் எல்லோராலும் வர முடியாது." வர முடியாதவர்கள் வர வேண்டாம். குஞ்சு நம் விடுமுறைக்காகப் பொரிப்பதில்லை.

சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறார்கள். முட்டை இட்ட சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக்கு மாற்ற வேண்டும், புரட்டிவிட்டால் உள்ளே கரு செத்துவிடும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. அந்த உழைப்பில் வந்த குஞ்சைத்தான் ஒரு படத்துக்காகக் காய வைக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அப்போது எத்தனை குழு வந்தது? ஆமைக்கு நுரையீரல். இழுவலைக்குள் மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கிச் சாகும். மீனவரைத் திட்டுகிறேன் என்று வராதீர்கள். கட்டுமரக்காரரைச் சொல்லவில்லை. விசைப்படகு கரைக்குப் பக்கத்தில் இழுவலை போடக் கூடாது, ஆமை தப்பிக்கும் கருவி வலையில் இருக்க வேண்டும் என்ற விதிகளை யார் மதிக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். குஞ்சு விட நூறு பேர், இதைக் கேட்க நாலு பேர் இல்லை. அதுதான் வலிக்கிறது.

அடுத்த முறை கரைக்கு வரும் குழு இதைச் செய்யுங்கள். செத்த ஆமை கிடந்தால் தொடாமல் மேலிருந்து ஒரு படம், தலைப்பக்கம் ஒரு படம் எடுங்கள். வால் ஓட்டுக்கு வெளியே நீளமாக நீண்டிருந்தால் வளர்ந்த ஆண். துடுப்பில் எண் பொறித்த உலோகப் பட்டை இருந்தால் அந்த எண்ணைக் குறியுங்கள். இடம், தேதி, நேரத்தோடு வனத்துறைக்கு அன்றே சொல்லுங்கள்.