காசில்லாமல் எடுத்த காதல்

'ஒருதலை ராகம்' பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். 1980-இல் வந்த படம். டி. ராஜேந்தரை ஊருக்குக் காட்டியது அதுதான், ஆனால் இயக்கம் என்று திரையில் இ.எம். இப்ராகிம் பெயர் வரும். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் கலாட்டாக்கள் இழுவை. காமெடிக்குப் பாதி இடத்தில் சிரிப்பு வராது. கதாநாயகனுக்கு வருவது கதையை முடிப்பதற்கென்றே வந்த நோய். பெண்ணின் பின்னாலேயே சுற்றுவதைக் காதல் என்கிறார்கள். இன்றைக்குப் பார்த்தால் நெளிய வேண்டியிருக்கிறது. என் மகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இருந்தும் பிடிக்கிறது. கையில் காசில்லாததுதான் இந்தப் படத்துக்கு நல்லதாகப் போயிற்று என்பது என் கட்சி.

நான் சேலத்துக்காரன். ஏற்காடு ஏரிக்கரையில் ஷூட்டிங் வேடிக்கை பார்த்து வளர்ந்தவன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஜெனரேட்டர் வண்டி வந்து நிற்கும். கதாநாயகி மெல்லிய சேலையில் வெடவெடவென்று நடுங்குவார். கூப்பிட்டதும் சால்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்பதுபோலச் சிரிப்பார். காதல் வந்தால் மலை ஏறிவிட வேண்டும், நம் சினிமாவுக்கு அப்படியொரு வேண்டுதல்.

இதில் மலையும் இல்லை, பனியும் இல்லை. மாயவரம் பக்கத்து ரயில், பிளாட்பாரம், கல்லூரி, அவ்வளவுதான். சங்கரும் ரூபாவும் அன்றைக்கு யாருக்கும் தெரியாத முகங்கள். அதனாலேயே அவர்கள் நடித்த ராஜாவும் சுபத்ராவும் நாம் ஸ்டேஷனில் தினம் பார்க்கிற பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள்.

அப்புறம் பாட்டு. இத்தனை பாட்டில் ஒன்றில்கூடப் பெண் குரல் கிடையாது. சுபத்ரா ஊர் வாய்க்குப் பயந்து மனசை மூடிக்கொண்டவள். கனவிலாவது அவளுக்கு ஒரு டூயட் வைத்திருந்தால் கதை அங்கேயே படுத்திருக்கும். எஸ்.பி.பி. 'வாசமில்லா மலரிது' பாடி முடித்தும் அந்தப் பக்கமிருந்து பதில் வராது. கடைசியில் ரயிலில் அவள் வாய் திறக்கும்போது, கேட்க வேண்டியவன் உயிரோடு இல்லை. நாடகத்தனம்தான், மறுக்கவில்லை. படம் முழுக்க அடக்கிவைத்த பேச்சு என்பதால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

"மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர்க்காரன் இதைப் போய்த் தூக்கிப் பிடிக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, 1956-லேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கலரில் எடுத்த கம்பெனிதான். நேர்த்தி வேண்டுமென்றால் அதைப் பார்ப்பேன், கைதட்டவும் செய்வேன். ஆனால் "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்துவது சுபத்ராவிடம் மட்டும்தான்.